சீசாக் கோயிலின் முதல் சாட்சி

காசிமேட்டில் சீசாக் கோயில் எங்கே என்று கேட்டால் மீன் கூடை தூக்கிப் போகிறவர்கூட நிற்காமல் தலையாலேயே வழி காட்டிவிடுவார். பலகையில் எழுதியிருக்கும் ‘கரையோர பாப்டிஸ்ட் ஜெபக்கூடம்’ என்ற பெயரைச் சொன்னால் விழிப்பார். அங்கே ஞானஸ்நானம் பெற வருகிறவர்கள் தங்கள் மருந்து சீசாக்களைக் கையோடு கொண்டு வந்து, கடலில் கொட்டிவிட்டுத்தான் முழுகுவார்கள். அதனால் ஊர் வைத்த பெயர் அது. அந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவள் வியாகுலம்மாள். அவள் கடலில் எறிந்தது சீசா அல்ல. ஒரு பிஸ்கட் டப்பா. இதை இப்போது யாரும் சரியாகச் சொல்வதில்லை.

அவள் பிறந்தது 1931, செப்டம்பர் பதினைந்தாம் தேதி. அன்று வியாகுல மாதா திருநாள் என்பதால் அந்தப் பெயர். ராயபுரத்தில் பனைமரத்தொட்டிப் பக்கம் வீடு, கத்தோலிக்கக் குடும்பம். எழுதப் படிக்கப் பெரிதாகத் தெரியாது. இறால், அவர்கள் பேச்சில் எறா, உரிக்கும் ஷெட்டில் வேலை. விரல் நுனிகள் எப்போதும் வெளுத்து ஊறிப்போயிருக்கும். பத்தொன்பது வயதில் பாஸ்கலுக்கு வாழ்க்கைப்பட்டாள். ஹில்டா என்று ஒரே மகள். பாஸ்கல் ஹார்பரில் தாதுக் கூடை சுமப்பவர். பெரிய வெள்ளிக்கிழமை பிலாக்கணம் பாடுவதில் அவரை மிஞ்ச ராயபுரத்தில் ஆள் கிடையாது. மூச்சு விடாமல் ஒரு வரி முழுவதையும் இழுத்துப் பாடி முடிப்பார். பெண்கள் அழுவதற்கு முன்னால் அவர் மூச்சு எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

1962 மழைக்காலத்தில் அந்த மூச்சு அறுந்தது. பாஸ்கல் ரத்தமாகத் துப்பினார். சேத்துப்பட்டு டி.பி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து டி.பி. என்றார்கள். ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டாம், வீட்டிலேயே மருந்து சாப்பிட்டால் போதும். ஆனால் ஒரு வருஷம், ஒரு நாளும் விடக் கூடாது என்றார்கள். சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று. அதோடு கட்டைவிரல் அகலத்துக்குப் பெரிய வில்லைகள். மாத்திரை தொந்தரவில்லை. வில்லைகள்தான் கொடுமை. விழுங்கினால் வயிறு புரண்டு வரும். சோற்றைப் பார்த்தாலே குமட்டும்.

மருந்து ஒழுங்காக உள்ளே போகிறதா என்று பார்க்க புஷ்பவல்லி என்ற ஹெல்த் விசிட்டர் பஸ் பிடித்து வருவாள். வந்ததும் மருந்து போட்டு வைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவைத் திறந்து எண்ணுவாள்.

“இன்னா பாஸ்கல் அண்ணாத்த, வில்ல மிச்சம் கீதே? யாருக்கு எடுத்து வெச்சிருக்கே, மாமியாருக்கா?”

“நீ ஒண்ணு துன்னு பாரும்மா. அப்பால வந்து பேசு.”

“எனக்கு இன்னா நோவா? துன்றதுக்கு.”

போகும்போது வாசலில் நின்று வியாகுலம்மாளிடம் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்வாள்: “ஒடம்பு தேறிட்ட மாதிரியே இருக்கும். அப்பதாம்மா உஷாரா இருக்கணும். உள்ள அது சாவல, தூங்கிகினு இருக்கும். நடுவுல வுட்டா மறுபடி எழுந்துக்கும். எழுந்துச்சின்னா இந்த மருந்துக்கு அது பயப்படாது.”

வியாகுலம்மாள் தலையாட்டுவாள். புரிந்துதான் ஆட்டினாள். அந்த வார்த்தை பிற்பாடும் அவளுக்கு மறக்காமல் போனதுதான் பெரிய துன்பம்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே இருமல் நின்றுவிட்டது. தை மாதத்தில் பாஸ்கல் சதை போட ஆரம்பித்தார். பின்னாளில் அந்தச் சபையைத் தொடங்கிய ஜெயவேல் அந்த வீட்டுக்குள் வந்தது அதற்குப் பிறகு, 1963-இல் ஈஸ்டருக்கு முந்திய தவசு காலத்தில். இந்த வரிசை முக்கியம். சபையில் பின்னால் சொன்ன கதையில் ஜெயவேல் முதலில் வருவார், இருமல் பிறகு நிற்கும்.

ஜெயவேல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த பழைய பாப்டிஸ்ட் கோயிலில் உதவிக்காரராகவும் இருந்தார். அது வெள்ளைக்காரர் கட்டிய சின்னக் கோயில். ஆர்மோனியம், மெதுவான பாட்டு, நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடிகிற பிரசங்கம். வெளியூரில் ஒரு கன்வென்ஷனுக்குப் போய்வந்த ஜெயவேலுக்குப் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இறங்கிவிட்டது என்றார்கள். அதன்பின் தன் வீட்டில் வெள்ளிக்கிழமை ஜெபம் வைத்தார். கைதட்டு, கஞ்சிரா, ஆவி இறங்கிப் புரியாத மொழியில் பேசும் அந்நிய பாஷை, நோயாளிகள்மேல் கை வைப்பது எல்லாம் அங்கே நடந்தன. கோயில் கமிட்டியின் மூத்தவர் அவரைக் கூப்பிட்டு, “ஜெயவேலு, பாப்டிஸ்டுன்னா தண்ணிப்பா. நெருப்பு நம்ம டிபார்ட்மென்ட் இல்ல” என்றார். “தண்ணியும் நாமதான், நெருப்பும் நாமதான் ஐயா” என்று ஜெயவேல் சொல்லிவிட்டு வந்தார். பாப்டிஸ்ட் என்ற பெயரை மட்டும் அவர் கடைசிவரை விடவில்லை.

எறா ஷெட்டில் கூட உட்கார்ந்து உரிக்கும் சொக்கம்மாள்தான் அவரை வியாகுலம்மாள் வீட்டுக்கு அழைத்து வந்தாள். ஜெயவேல் பாஸ்கலின் நெஞ்சில் கை வைத்து ஜெபித்தார். ஜெபிக்கும்போதே விசும்பி அழுதார். முன்பின் தெரியாத ஓர் ஆண்பிள்ளை தன் புருஷனுக்காகத் தேம்பித் தேம்பி அழுவதை வியாகுலம்மாள் அதற்குமுன் பார்த்ததில்லை. பங்குச் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப் பூசுதலைக் கொடுத்துவிட்டு, எண்ணெயைத் துடைத்துக்கொண்டு போனது அவள் நினைவில் இருந்தது. ஜெபம் முடிந்ததும் பாஸ்கல் எழுந்து நின்று ஒரு பாட்டு பாடினார். மூச்சு அறுபடாமல் முழு வரியையும் பாடினார்.

அன்றைக்கு மாத்திரையும் வில்லையும் விழுங்கவில்லை. மறுநாளும் இல்லை. வயிறு புரளாமல் சோறு இறங்கியது. “தோ பாரு, துன்றேன்” என்று தட்டைக் காட்டினார். ஒரு வருஷத்தில் பாதிதான் ஆகியிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபத்தில் அவளை எழுந்து சாட்சி சொல்லச் சொன்னார்கள். அங்கே ஒரு முறை உண்டு. சாட்சி சொல்கிறவர் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஜெயவேல் அதைக் கணீரென்று வேதாகமத் தமிழில் திருப்பிச் சொல்வார். கூட்டம் “ஸ்தோத்திரம்” என்று முழங்கும். பிறகு அடுத்த வாக்கியம்.

“ஐயா வந்து ஜெபம் பண்ணாரு” என்றாள்.

“தேவனுடைய தாசன் வந்து விண்ணப்பம் பண்ணினார்!”

“ஸ்தோத்திரம்!”

“மாத்திரய நிறுத்திட்டோம். நல்லா கீறாரு.”

“மருந்தைக் கடலிலே எறிந்தார்கள்! அவர் சுகமானார்!”

“ஸ்தோத்திரம்! அல்லேலூயா!”

கூட்டம் கலைந்த பின் அவள் தயங்கித் தயங்கிப் போய், “ஐயா, நா கடல்ல எறியலீங்களே. டப்பா வூட்லதான் கீது” என்றாள்.

ஜெயவேல் பொய் சொல்லுகிற மனிதர் அல்ல. வேகத்தில் வந்த வார்த்தை. அவர் முகம் விழுந்துவிட்டது. சற்று யோசித்துவிட்டு, “அப்ப எறிஞ்சிடும்மா. சாட்சி முழுசாகட்டும்” என்றார்.

மறு ஞாயிறு, காசிமேட்டுக் கரையில் இருபது முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, வியாகுலம்மாள் பிஸ்கட் டப்பாவை எறிந்தாள். மூடி திறந்துகொண்டு வில்லைகள் அலையில் பரவின. பெரிய வெள்ளைப் பூ உதிர்ந்தாற்போல் இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அங்கேயே பாஸ்கலும் அவளும் கழுத்தளவு தண்ணீரில் முழுகி எழுந்தார்கள். புஷ்பவல்லி அடுத்த முறை வந்தபோது எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

அதிலிருந்து அந்தச் சபை வளர்ந்த வேகம் கொஞ்சமல்ல. 1964-இல் பழைய கோயில் கமிட்டி உறுப்பினர் பட்டியலிலிருந்து ஜெயவேலின் பெயரை எடுத்துவிட்டது. அவர் காசிமேட்டில் தகரக் கொட்டகை போட்டார். 1967-க்குள் எண்ணூரிலும் புளியந்தோப்பிலும் கிளைகள். கடல் அடிக்கிற மாதங்களில் மட்டும் என்று தொடங்கி, பிறகு ஞானஸ்நானத்தையே காத்திவாக்கத்து முகத்துவாரத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். அங்கே தண்ணீர் சாது. முழுக வந்த முதல் ஆள் இழுப்பு மருந்து சீசாவைக் கொண்டுவந்தார். பிறகு சொல்லாமலே எல்லோரும் கொண்டுவந்தார்கள். காத்திவாக்கத்து மீனவர் எத்திராஜின் வலையில் மருந்து சீசா விழாத நாள் இல்லை.

“இன்னா எத்திராஜு, இன்னிக்கு மீனா, மிக்ஸ்சரா?” என்று கரையில் இருப்பவர்கள் கேட்பார்கள்.

“ரெண்டும் கலந்து. மீனுக்கு ஜொரம் வராது பாரு” என்பார் அவர்.

வியாகுலம்மாளுக்கு ‘சாட்சியக்கா’ என்று பெயர் வந்தது. கிளை திறக்கிற இடத்துக்கெல்லாம் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சொல்லிச் சொல்லி அந்தச் சாட்சி வழவழப்பாகிவிட்டது. எந்த இடத்தில் கூட்டம் அழும், எந்த இடத்தில் கைதட்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எறா உரிக்கிற கை மைக்கைப் பிடித்தது. அவளுக்கு அது பிடித்தும் இருந்தது. பாஸ்கல் மூப்பர் ஆனார். தண்ணீரில் இடுப்பளவில் நின்று, வருகிறவர்களின் சீசாக்களை வாங்கி மூடி திறந்து கவிழ்ப்பது அவர் பொறுப்பு.

1969 கோடையில் அவர் பாட்டில் ஒரு மாற்றம் கேட்டது. வரியின் நடுவே மூச்சு வாங்கினார். கொட்டகையில் அது யாருக்கும் கேட்கவில்லை. கஞ்சிராச் சத்தம் அப்படி. பெரிய வெள்ளிக்கிழமைகளில் கேட்டுக் கேட்டுப் பழகிய வியாகுலம்மாளுக்கு மட்டும் கேட்டது. பிறகு, ஜனங்கள் கைதட்டும் சமயம் பார்த்து அவர் இருமுவதைக் கவனித்தாள். துவைக்கப் போட்ட துண்டில் பழுப்பாக ஒரு கறை.

அவள் சேத்துப்பட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் டப்பாவைக் கடலில் எறிந்த கதையை மேடை மேடையாகச் சொன்னவள் எந்த முகத்தோடு புஷ்பவல்லி முன்னால் நிற்பது? மண்ணடியில் ஒரு மருந்துக் கடையில் பேரைச் சொல்லிக் கேட்டு, அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை மட்டும் வாங்கினாள். வில்லையை வாங்கவில்லை. வில்லையை ஒளிக்க முடியாது. மாத்திரையைப் பொடித்தால் மீன் குழம்பில் கரைந்துவிடும்.

அப்படித்தான் கரைத்தாள். பாஸ்கல் வீட்டில் சாப்பிடுகிற நாளில் மருந்து போனது; உபவாச நாளிலும் சபையில் சாப்பிடுகிற நாளிலும் போகவில்லை.

“கொயம்பு இன்னா கசக்குது?”

“வெந்தயம் தூக்கலா வுயுந்துருச்சி.”

சில மாதங்கள் ஓடின. இருமல் சற்று அடங்கியது போலிருந்தது. பிறகு முன்னைவிட அதிகமாக வந்தது. ஒரு நாள் அவர் தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தபோது அம்மிக் கல்லின் மூலையில் வெள்ளைப் பொடி கொஞ்சம் ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பாதி வருஷம் தின்ற ருசி மறக்குமா?

“எப்பலேர்ந்து?” என்று கேட்டார்.

அவள் சட்டென்று அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். “ஹில்டா நைனா, சேத்துப்பட்டு போலாம். யாருக்கும் தெரிய வேணாம். பொண்ணு ஒண்ணு கீது நமக்கு.”

“எழுந்துரு மே. நா இன்னா வேல செய்றேன்னு தெரியுமா உனக்கு? தண்ணில நின்னுகினு அவங்க கையிலேர்ந்து சீசா வாங்கறேன். சக்கர நோவுக்காரன், ஃபிட்ஸ் வர்ற பொண்ணு, மாரடைப்பு வந்தவன். எல்லாம் என் மூஞ்சப் பாத்துத் தர்றாங்க. பாஸ்கல் பொயச்சான், நாமளும் பொயப்போம்னு தர்றாங்க. நா இப்ப போயி மருந்து துன்னா அவங்க மருந்த யாரு திருப்பித் தர்றது? கடலு தருமா?”

“நீ செத்தா மட்டும் திரும்பி வருமா?”

“செத்தா கர்த்தரு சித்தம். துன்னா என் பொய்யி.”

“அது என் பொய்யி. நாந்தான சொன்னேன்!”

“நீ சொன்ன” என்றார் பாஸ்கல். குரலில் கோபம் இல்லை. “நா நம்பிட்டேன்.”

அன்றிலிருந்து அவர் அவள் கையால் குழம்பு வாங்கிச் சாப்பிடவில்லை. தானே அரிசி வடித்து உப்புப் போட்டுச் சாப்பிட்டார்.

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று ஆனபின் அவள் சேத்துப்பட்டுக்குப் போனாள். அவர் துப்பியதை ஒரு சீசாவில் எடுத்துக்கொண்டு போனாள். புஷ்பவல்லிக்கு நெற்றியோரம் நரை வந்திருந்தது. பரிசோதனை முடிவு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வியாகுலம்மாளை முதன்முறையாகத் திட்டினாள்.

“ஒத்த மாத்திர, அதும் நடு நடுவுல வுட்டு. சோத்துல போட்டியா? ஏம்மா, நீ கம்முனு இருந்திருந்தாகூட இந்த மருந்து வேல செஞ்சிருக்கும். கிருமிக்கு ட்ரெயினிங் குடுத்துருக்கே நீ. இப்ப இந்த மருந்து அதுக்கு நாஸ்தா.”

“வேற ஒண்ணும் இல்லியா?”

“ஊசி கீது. வேற மாத்திர கீது. தெனம் ஊசி, ஒரு வருஷத்துக்கு மேல. ஆளு வரணும். வருவாரா?”

வரமாட்டார் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் அந்த வாரமே புஷ்பவல்லி தானாகப் புறப்பட்டு வந்தாள். வாசலில் நின்று பழைய மாதிரியே, “பாஸ்கல் அண்ணாத்த! வில்ல எண்ண வந்திருக்கேன்” என்றாள். அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. நின்றதும், “எண்ணி முடிச்சாச்சும்மா. நீ வெயில்ல வந்துருக்கே, தண்ணி குடிச்சிட்டுப் போ” என்றார். அவள் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள்.

வியாகுலம்மாளுக்கு ஒரு வழி மிச்சம் இருந்தது. ஜெயவேல் சொன்னால் பாஸ்கல் கேட்பார். கொட்டகைக்குப் பின்னால் பாய் சுருட்டிக்கொண்டிருந்த ஜெயவேலிடம் எல்லாவற்றையும் சொன்னாள், அம்மிக்கல்லையும் மறைக்கவில்லை.

“நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க ஐயா. ஊசி போட்டுக்கோன்னு சொல்லுங்க. நா மேடைல நின்னு, என் சாட்சி தப்புன்னு சொல்லிடறேன். பயி பாவமெல்லாம் என் மேல வுயட்டும்.”

ஜெயவேல் பாயைக் கீழே வைத்தார்.

“உங்களுக்குத் தெரியாதும்மா” என்றார். “உங்க சாட்சிய நம்பி மொதல்ல மருந்த எறிஞ்சது நான்தான். எங்கம்மாவுக்கு சர்க்கரை. தெனம் ஊசி போட்டுகினு இருந்தாங்க. நான் வாங்கி எறிஞ்சேன். அம்மா வேணாம்டா ஜெயவேலுன்னாங்க. ரெண்டு வாரம் தாங்கல. ஜெயத்தோட போனாங்கன்னு ஜனங்ககிட்ட சொன்னேன்.” சுருட்டிய பாயை மறுபடி பிரித்தார். “உங்க சாட்சி தப்புன்னா நான் யாரும்மா? நான் எங்கம்மாவ என்னா பண்ணவன்? அத மாத்திச் சொல்லாதீங்க. உங்கள கெஞ்சிக் கேட்டுக்கறேன்.”

பிறகு அவளுடைய தலைமேல் கை வைத்து ஜெபித்தார். முன்பு போலவே அழுதார். இந்த முறை அந்த அழுகை யாருக்காக என்று அவளுக்குத் தெரிந்தது.

அவளுடைய அண்ணன் இன்னாசி, ராயபுரம் கத்தோலிக்கக் கோயிலை விடாதவர், ஒரு நாள் டாக்சியோடு வந்து நின்றார்.

“மச்சான், நம்ம கோயிலுக்கு வர வேணாம். மாதாவக் கும்பிட வேணாம். சொம்மா வண்டில ஏறு, ஆஸ்பத்திரி வரிக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்.”

“டாக்சிக்காரனுக்குக் காசு குடுத்து அனுப்பு மச்சான்.”

“கஸ்மாலம், செத்தா நம்ம கல்லறைல எடம் தர மாட்டாங்க. உங்கப்பன் பக்கத்துல நீ படுக்க முடியாது, தெரியுதா?”

“மூலக்கொத்தளம் சுடுகாட்டுலயும் மண்ணுதான் மச்சான் கீது.”

இன்னாசி தங்கையைப் பார்த்தார். “நீ சொல்லேன்மே. நீ சொன்னாதான் ஊரே கேக்குதாமே” என்றார். குத்திக் காட்டத்தான் சொன்னார். சொன்ன பிறகு அவருக்கே பொறுக்கவில்லை. டாக்சியில் தனியாக ஏறிப் போனார்.

1970 நவம்பரில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் பாஸ்கல் இறந்தார். கடைசி மாதங்களில் அவரால் தண்ணீரில் நிற்க முடியவில்லை. கரையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். காய்ச்சல் என்று சபைக்குச் சொல்லியிருந்தது. அடக்கத்தின்போது அழக் கூடாது என்பது அவர்கள் முறை. கஞ்சிரா தட்டிப் பாடிக்கொண்டே மூலக்கொத்தளத்துக்குத் தூக்கிப் போனார்கள். ஹில்டா ஒருத்திதான் வாய்விட்டு அழுதாள். சொக்கம்மாள் அவள் வாயைப் பொத்தி அணைத்துக்கொண்டாள்.

அடுத்த ஜனவரியில் தண்டையார்பேட்டை மைதானத்தில் பெரிய கன்வென்ஷன். பந்தல் நிரம்பி வெளியே ரோடு வரை ஜனம். மூப்பர்கள் வந்து, “சாட்சியக்கா பேசணும். கர்த்தரு அவருக்கு ஏழு வருஷம் கூட்டிக் குடுத்தாருன்னு சொன்னாப் போதும்” என்றார்கள். வியாகுலம்மாள் வருகிறேன் என்றாள். மேடை ஏறுகையில் அவளிடம் சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. புருஷனுக்கு அது இனி உதவாது. கீழே மடியில் சீசாக்களோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு உதவும்.

ஜெயவேல் வழக்கம்போல் பக்கத்தில் இரண்டாவது மைக்கில் நின்றார்.

“என் புருஷன் செத்துட்டாரு” என்றாள்.

“என் கணவர் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்.”

“ஸ்தோத்திரம்!”

“டி.பி.லதான் செத்தாரு. அது போவவே இல்ல.”

ஜெயவேல் வாய் திறந்தார். கூட்டம் அவர் திருப்பிச் சொல்வதற்காகக் காத்திருந்தது. இத்தனை வருஷத்தில் முதன்முறையாக அந்த மைக் ஊமையாக நின்றது.

“மாத்திரய நா எறிஞ்சது தப்பு” என்றாள் அவள். “துன்னிருந்தா பொயச்சிருப்பாரு. நீங்க யாரும்—”

ஜெயவேல் முழங்காலில் விழுந்தார். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, அடிபட்ட மாதிரி ஓர் அலறல். அதை அவருடைய மைக் பந்தல் முழுவதும் கொண்டுபோனது. முன்வரிசையில் யாரோ, “அபிஷேகம்! அபிஷேகம் இறங்குது!” என்று கத்தினார்கள். அவ்வளவுதான். கஞ்சிராக்கள் எழுந்தன, டிரம் எழுந்தது, ஆயிரக்கணக்கான கைகள் மேலே போயின. அந்நிய பாஷையின் இரைச்சலில் வியாகுலம்மாள் தன் வாக்கியத்தை மறுபடியும் மறுபடியும் சொன்னாள். அவள் உதடு அசைவதைப் பார்த்த ஜனங்கள் அவளுக்கும் பாஷை வந்துவிட்டது என்று நினைத்து ஆர்ப்பரித்தார்கள். அந்தக் கன்வென்ஷன் முடிந்த மறுநாள் முகத்துவாரத்தில் முழுகியவர்களின் கூட்டம் அதற்கு முன் எப்போதும் இல்லாதது என்பார்கள்.

அதன் பிறகு அவளை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. ஜெயவேல் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பிரசங்கத்தை இளைய ஊழியர்கள் பார்த்துக்கொண்டார்கள். வியாகுலம்மாள் சபையை விட்டும் போகவில்லை. ராயபுரம் கோயிலில் அவளுக்கு இடம் இல்லை. மேலும், சீசாக்கள் வருகிற இடம் இதுதான்.

ஞானஸ்நானம் நடக்கும் ஞாயிறுகளில் அவள் முகத்துவாரத்துக்குப் போய், தண்ணீருக்கு இறங்கும் வழியில் நின்றுகொள்வாள். ஒவ்வொருவராகக் கடந்து போகும்போது, “போடாதீங்க, எடுத்துகினு போங்க” என்று சொல்வாள். தொடக்கத்தில் மூப்பர்கள் அவளை நகர்த்தப் பார்த்தார்கள். பிறகு இளைய ஊழியர் ஒருவர் வேறொரு ஏற்பாடு செய்தார். முழுகப் போகிறவர்களை வரிசையில் நிறுத்தி, “கரையில் சாட்சியக்கா நிப்பாங்க. ‘போடாதே’ன்னு சொல்வாங்க. அது உங்க விசுவாசத்துக்குப் பரீட்சை. ‘ஸ்தோத்திரம்’னு சொல்லிட்டுத் தாண்டிப் போங்க” என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். 1973-க்குள் அதுவும் அந்தச் சபையின் முறைகளில் ஒன்றாகிவிட்டது. ஒரு மாதம் ஜுரத்தில் அவள் வராமல் போக, பரீட்சை இல்லாமல் முழுகினால் செல்லுமா என்று ஜனங்கள் கேட்டார்களாம்.

1974 பங்குனியில் ஒரு ஞாயிறு. மங்கம்மா என்று ஒருத்தி, எண்ணூரிலிருந்து வந்தவள், இடுப்பில் பெண் குழந்தையோடு வந்தாள். குழந்தைக்கு நெஞ்சுக்கூடு தெரிந்தது. மங்கம்மாவின் கையில் ஒரு காகிதப் பை. உள்ளே சின்ன வெள்ளை மாத்திரைகள். வியாகுலம்மாள் அவற்றைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டாள். முன்னால் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்மா. இது அந்த மாத்திர. நா எறிஞ்சேன், என் புருஷன் பூட்டாரு. கொயந்தைக்குக் குடு. ஒரு நாளும் வுடாம குடு.”

மங்கம்மா அவளை அன்போடு பார்த்தாள். கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். “ஸ்தோத்திரம் அக்கா” என்று சொல்லிச் சிரித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள்.

கூட்டம் கலைந்த பின் எத்திராஜ் வலையிலிருந்து சீசாக்களைப் பொறுக்கி மணலில் எறிந்துகொண்டிருந்தார். வியாகுலம்மாள் இன்னும் அதே இடத்தில் நின்றாள்.

“இன்னாம்மா, எனுக்குத் தெரிஞ்சி நீ மூணு வருஷமா சொல்லிகினு கீறே” என்றார் அவர். “எவனாச்சும் கேட்டானா?”

“இல்ல.”

“அப்பால இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? வூட்டுக்குப் போயி படேன்.”

“மொதல் தபா சொன்னத கேட்டாங்க இல்ல” என்றாள் வியாகுலம்மாள்.

எத்திராஜ் வலையை உதறினார். அவள் புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பஸ் நிற்கும் ரோட்டை நோக்கி மணலில் நடந்தாள். அடுத்த ஞானஸ்நானம் சித்திரை முதல் ஞாயிறு என்று அறிவித்திருந்தார்கள்.